பொரிக்காத மிளகாய்

என் கணவருக்கு இதயத்தில் குழாய் வைத்த பிறகு எங்கள் வீட்டில் நான் கெட்டவள் ஆகிவிட்டேன். அவருடைய இரத்தக் குழாயை அடைத்தது நானல்ல. காலமெல்லாம் அவர் ருசித்துச் சாப்பிட்ட மீன் பொரியலும் வாழைக்காய்ப் பொரியலும், பிறந்தநாள் வீடுகளில் இரண்டு கையாலும் எடுத்த ரோல்ஸும் சேர்ந்து அடைத்தன. எண்ணெய்யை விடுங்கள் என்று ஒரு வரி சொல்லிவிட்டு வைத்தியர் தன் பாட்டில் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அதை வீட்டில் நாள்தோறும் நடத்திக் காட்ட வேண்டியவள் நான். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் அவருடைய மெலிந்த கன்னத்தைப் பார்த்து, "பாவம் மனுசன், எப்பிடி இருந்தவர்" என்பார்கள். பிறகு திரும்பி என்னைப் பார்ப்பார்கள். தேநீர்த் தட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு சீனி போடவா என்று கேட்பேன்.

அவர் விழுந்தது வீட்டில். லைப்சிக்கில் எங்கள் வீட்டில் அப்போது அவரும் நானும் மட்டும்தான். மகள் மியூனிக்கில் படித்துக்கொண்டிருந்தாள், கடைசிச் சோதனை நேரம். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் தெளிந்ததும் அவர் என் கையைப் பிடித்துச் சொன்னது, "பிள்ளைக்குச் சொல்லாதையும். சோதினை எழுதட்டும்." பாரிஸில் இருக்கிற தன் அக்காவுக்கும் சொல்லக் கூடாது என்றார். அவ அழுது ஊரைக் கூட்டுவாவாம். ஆகவே இரண்டு பேருக்கும் ஒரே கதை. வைத்தியர் சோதித்துப் பார்த்தார், டெர்மின், அதாவது வரவேண்டிய நாள், கொடுத்தார், சொன்ன நாளில் போய்க் குழாயை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். பல்லுப் பிடுங்கப் போனதுபோல.

சோதனை முடிந்தது. பிறகு மகளுக்கு வேலை கிடைக்க வேண்டியிருந்தது. பிறகு கல்யாணப் பேச்சு வந்தது. உண்மையைச் சொல்வதற்கு அவர் ஒரு நாளும் தோதான நாள் காணவில்லை. சொல்லிச் சொல்லி அந்தக் கதையை அவரே நம்பத் தொடங்கிவிட்டார். அதுதான் எனக்கு ஆத்திரம். விழுந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். விழுந்தவருக்கே அது ஞாபகம் இல்லை.

ஞாபகம் இல்லாதவருக்குப் பயமும் இல்லை. அவருடைய குளிர்ச்சட்டைப் பையில் எண்ணெய் ஊறிய கடதாசி கண்டெடுத்திருக்கிறேன். காரின் இருக்கைக்கு அடியில் முறுக்குத் துண்டு கண்டெடுத்திருக்கிறேன். கேட்டால் பழைய புராணம் எடுப்பார். "ஷோனெஃபெல்டில வந்து இறங்கேக்க தின்ன ஒண்டும் இல்லை. இப்ப எல்லாம் இருக்கு, நீர் தின்ன விடுறீரில்லை." ஷோனெஃபெல்ட் விமானநிலையத்துக்கும் முறுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். இந்த நாட்டுக்கு அகதியாக நானும்தான் வந்தேன். அதைச் சொல்லி நான் ஒரு வடை கேட்டதில்லை.

அவர் விழுந்ததற்கு அடுத்த வருடம் மிளகாய்ச் செடி எங்கள் பால்கனிக்கு வந்தது என் பிழையால். செடிச் சந்தையில் ஒரு கன்றில் தொங்கிய படத்தைப் பார்த்தேன். அகன்ற தோளும் கூரிய நுனியுமாக, பச்சையாக, பெரிதாக ஒரு காய். கறிமிளகாய்தான் என்று முடிவுகட்டிவிட்டேன். எங்களுக்குக் கறிமிளகாய் என்றால் உறைக்காத பெரிய மிளகாய். உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் அடைத்து, மாவில் தோய்த்து, பாண்தூளில் புரட்டி, தாச்சி நிறைய எண்ணெய் வைத்துப் பொரிப்போம். என் கணவருக்கு அதில் உயிர். உயிரை எடுக்கப் பார்த்ததும் அதுதான்.

விற்ற மனுசி கொஞ்சம் உறைக்கும் என்று எச்சரித்தாள். ஜெர்மன்காரருக்கு மிளகுத்தூள் தூவினாலே உறைப்பு. ஆகவே அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய்த்த பிறகு பார்த்தால் அது கறிமிளகாய் இல்லை. பொப்லானோ என்கிற மெக்சிகோ நாட்டு மிளகாய். கரும்பச்சை, தடித்த உடம்பு, வாயில் போட்டால் பொலித்தீன்போல சுருண்டு நிற்கிற தோல். கொஞ்சம் உறைத்தது, அவள் பாவம், உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாள். அந்த நாட்டுக்காரர்கள் இதை என்ன செய்கிறார்கள் என்று வீடியோவில் தேடினேன். அவர்களும் உள்ளே அடைத்துச் சமைக்கிறார்கள் என்று கண்டதும் சந்தோசமாக இருந்தது. தொடர்ந்து பார்த்தால், அடைத்ததை முட்டை நுரையில் தோய்த்து, எண்ணெய்யில் போடுகிறாள் ஒருத்தி. எனக்கு வந்த கோபத்தில் கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். உலகம் முழுவதும் சேர்ந்து என் மனுசனுக்கு எதிராகப் பொரிக்கிறது.

எனக்கும் பிடிவாதம் உண்டு. நான் என் பாட்டில் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் மின்சார அடுப்பில் நெருப்பு இல்லை. ஆகவே ஓவனின் மேல்கம்பியைச் சிவக்க விட்டு, மிளகாய்களைத் தட்டில் அடுக்கி, தோல் கறுத்துக் கொப்பளிக்கும்வரை திருப்பித் திருப்பிச் சுடுவேன். சுட்ட கையோடு சட்டியில் போட்டு மூடிவிட்டால் தன் ஆவியிலேயே வேர்த்துத் தோல் கழன்று வரும். கழுவக் கூடாது, கழுவினால் சுட்ட மணம் தண்ணீரோடு போய்விடும். காம்பை விட்டுவிட்டுப் பக்கத்தில் கீறி விதையை வழித்தெடுத்தால் மிளகாய் ஒரு சின்னப் பைபோல வாய் திறந்து கிடக்கும்.

உள்ளே அவித்த உருளைக்கிழங்கு, தகரத்தில் அடைத்து விற்கிற மீன், வெங்காயம், கறிவேப்பிலை, எங்கள் தூள், தேசிக்காய்ப் புளி. உதிராமல் பிடிக்க ஒரு கரண்டி குவார்க், அதாவது இந்த ஊர்க் கெட்டித் தயிர். மேலே போடுவதற்கு, நான் வேலை செய்கிற பேக்கரியில் மிஞ்சின பாணைக் காயவைத்துத் தூளாக்கி வெறும் சட்டியில் பொன்னிறமாக வறுத்தேன். அதை மிளகாயின் மேல் அழுத்தித் திரும்பவும் ஓவனில் வைத்தால் மேல் மொறுமொறுப்பாகும். எண்ணெய் என்றால் தூரிகையால் ஒரு தடவல், அவ்வளவுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, நன்றாக இருந்தது. நான் மூன்று தின்றேன்.

அவர் முதல் வாயை வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பிறகு உடம்பு தேற அனுப்பிய ரெஹாவில் கொடுத்த கஞ்சியைக் குடிக்கிற முகத்தோடு மென்றார்.

"எப்பிடி இருக்கு?" என்றேன்.

"உள்ளுக்கு வைச்சது நல்லம்."

"வெளி?"

"நீர் கஷ்டப்பட்டுச் செய்தனீர், நான் ஏன் சொல்லுவான்."

சொல்லாமல் சொல்வதில் அவரை அடிக்க ஆள் இல்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆனால் விடவில்லை. கோடை முழுவதும் செய்தேன். அவரும் கோடை முழுவதும் அதே முகத்தோடு தின்றார்.

ஐப்பசியில் மகள் தான் கட்டப்போகிற பெடியனை முதல்முதலாக வீட்டுக்குக் கூட்டிவருவதாகச் சொன்னாள். அவர் தமிழ்நாட்டுக்காரர், திருச்சிப் பக்கம். மியூனிக்கில் இவள் வேலை செய்கிற இடத்திலேயே கம்ப்யூட்டர் வேலை. மச்சாளுக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, இதைக் கேள்விப்பட்டதும் பாரிஸில் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கிழமைக்கு முன்னமே ரயிலில் வந்து இறங்கி, வந்த கையோடு என் அலுமாரிகளைத் திறந்து பார்த்தா.

"என்ன இது, தாச்சி எங்க?"

"மேல கிடக்கு. எடுக்கிறேல்லை."

"எடுக்கிறேல்லையோ? மாப்பிள்ளை வாற வீட்டில பொரியல் இல்லாமல் சாப்பாடோ?"

நான் மிளகாய் செய்யப்போவதாகச் சொன்னேன். ஓவனில் என்றதும் மச்சாள் தன் தம்பியைப் பார்த்தா. அவர் சுவரைப் பார்த்தார். அக்காவும் தம்பியும் பேசாமலே எனக்கு எதிராக வாக்குப் போட்டு முடித்துவிட்டார்கள்.

அன்று மாலை மகள் தொலைபேசியில் பேசும்போது பெடியனிடமும் கொடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரில் போட்டேன், அது என் மடத்தனம். உங்களுக்கு என்ன சமைக்கட்டும் தம்பி என்று கேட்டேன்.

"ஐயோ, ஃபார்மாலிட்டி எல்லாம் வேணாம் ஆண்ட்டி. சாதம், ரசம், ஏதாவது ஒரு பொரியல். அது இருந்தா போதும். டெய்லி கேன்டீன்ல சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரு நல்ல பொரியலுக்கு ஏங்கிப் போயிருக்கேன்."

மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டும். தேர்தலில் வென்றவர்களுக்குக்கூட அப்படி ஒரு சிரிப்பு வராது. "கேட்டியோ? பெடியன் வாய் திறந்து கேட்டிட்டுது" என்றா. என் கணவர் கதிரையை விட்டு எழும்பி, பல மாதமாக ஏறாத முக்காலியில் ஏறி, அலுமாரியின் உச்சியிலிருந்து தாச்சியை இறக்கினார். பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்த மனுசன். அதைத் துடைத்துத் துடைத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மச்சாள் பொரிக்கத் தொடங்கினா. மீன், கத்தரிக்காய், பாகற்காய், வாழைக்காய். கடைசியில் நான் சுட்டுத் தோல் உரித்து அடைத்து வைத்திருந்த மிளகாய்களிலும் பாதியை எடுத்து மாவில் தோய்த்துத் தாச்சிக்குள் இறக்கிவிட்டா. என்னைக் கேட்கவில்லை. என் வீடு, என் அடுப்பு, என் செடியில் காய்த்த மிளகாய். எண்ணெய் கொதிக்கிற சத்தம் தொடங்கியதுமே நான் பால்கனிக்குப் போய்விட்டேன். "குளிருக்க போய் நிக்கிறா, அவ்வளவு கோவம்" என்று மச்சாள் உள்ளே சொல்வது கேட்டது. சொல்லட்டும் என்று நின்றேன். மீதி மிளகாய்களைப் பிறகு வந்து ஓவனில் வைத்தேன்.

பிள்ளைகள் மத்தியானம் வந்தார்கள். பெடியன் நல்ல மாதிரி. சப்பாத்தை வாசலிலேயே கழற்றி ஓரமாக வைத்தார், குனிந்து பேசினார், எங்கள் தமிழ் விளங்காத இடத்தில் மகளைப் பார்த்துச் சிரித்தார். மேசையில் உட்கார்ந்து தட்டுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லாம் பொன்னிறத்தில் பளபளத்தது. மச்சாள் அவருடைய தட்டில் மீனை வைத்தா, கத்தரிக்காயை வைத்தா, பாகற்காயை வைத்தா. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஆண்ட்டி, பொரியல் ஏதாவது இருக்கா?"

மச்சாள்தான் முதலில் சமாளித்தா. "இதெல்லாம் என்ன தம்பி? எல்லாம் பொரியல்தானே."

"இல்லம்மா, இது வறுவல். பொரியல்னா பீன்ஸ், கேரட் மாதிரி காயைப் பொடியா நறுக்கி, தாளிச்சு, தேங்காய் தூவி..."

மகள் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அம்மா, இவர் கேட்டது வறை!"

வறை. கோவாவை, முட்டைக்கோஸை, அரிந்து தேங்காய்ப்பூப் போட்டு இறக்குகிற வறை. என் கணவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் நோயாளிச் சாப்பாடு என்று மூக்கைச் சுளித்த வறை. அதைத்தான் அந்தப் பிள்ளை ஆசையாகக் கேட்டிருக்கிறது. இந்த ஒரு சொல்லுக்காக என் வீட்டில் தாச்சி இறங்கி, போத்தல் போத்தலாக எண்ணெய் கொதித்திருக்கிறது. மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். மச்சாள் கண்ணீர் வரச் சிரித்தா. பெடியன் அசடு வழிந்தார், "சாரி ஆண்ட்டி, ரொம்ப சாரி" என்றார். பிறகு கைக்கெட்டின என் ஓவன் மிளகாய் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டு, இது சூப்பரா இருக்கே என்று இன்னொன்று எடுத்தார்.

நான் சிரிக்கவில்லை. என் கண் என் கணவரின் தட்டில் இருந்தது. இந்தச் சிரிப்புக்குள் அவர் சத்தம் போடாமல் பொரித்த மிளகாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். தின்று முடித்த காம்புகள் தட்டின் விளிம்பில் வரிசையாகக் கிடந்தன. அடுத்ததற்குக் கை நீட்டியபோது நான் பார்ப்பதைக் கண்டார்.

"ஏன் மூஞ்சையை இப்பிடி வைச்சிருக்கிறீர்? ஒருநாள்தானே."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி அவருடைய தட்டை எடுத்தேன். மருமகனாக வரப்போகிறவருக்கு முன்னால் புருசனின் தட்டைப் பறிக்கிறவள் என்று பாரிஸ் முழுவதும் பேசட்டும். காம்புகள் மேசையில் விழுந்தன.

"ஓம், ஒருநாள்தான். நீங்கள் விழுந்ததும் ஒருநாள்தான்."

"இஞ்சரும்," என்றார். "பேசாமல் இரும்."

"பேசாமல்தானே இருந்தனான். இனி ஏலாது."

மச்சாளின் சிரிப்பு நின்றது. மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன விழுந்தது? அப்பா விழுந்தவரோ? டெர்மின் எடுத்துச் செய்தது எண்டுதானே சொன்னனீங்கள்."

நான் அவரைப் பார்த்தேன். சொல்லட்டும் என்று விட்டேன். தட்டு இல்லாத இடத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு இருந்தார்.

"எப்பிடி விழுந்தனீங்கள் அப்பா?"

"எனக்குத் தெரியாது பிள்ளை," என்றார். "அம்மாவைக் கேள்."

ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகத் தனக்குத் தெரியாது என்று சொன்னார். அதுவரை அவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. ஒரு நாள்கூட, எனக்கு என்ன நடந்தது என்று கேட்டதில்லை. அந்தக் கோபத்தோடுதான் சொல்லத் தொடங்கினேன். மகளைப் பார்த்துச் சொல்லவில்லை, அவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"மீன் பொரியல் கேட்டனீங்கள். நான் தாச்சியில துண்டுகளைப் போட்டிட்டு, தட்டு எடுக்க இந்த மேசையடிக்கு வந்தனான். நீங்கள் பொரிஞ்சிட்டுதோ எண்டு பாக்கக் குசினிக்குப் போனீங்கள். குசினி வாசலில விழுந்தனீங்கள். குறுக்கால. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். முகம் சாம்பல்."

"பேந்து?" என்றார். அவருடைய குரல் எனக்குப் புதிதாக இருந்தது. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்கிறவர் மாதிரி.

"அவசர இலக்கத்துக்கு அடிச்சன். மூச்சு இருக்கோ பாருங்கோ எண்டு அந்தப் பொம்பிளை கேட்டாள். வாய்க்குக் கிட்டக் காதை வைச்சன். கேக்கேல்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம்தான் கேட்டது. கத்தியும் பாத்தன், காதைப் பொத்தியும் பாத்தன், மீன் பொரியிற சத்தம்தான். இருக்கோ, இருக்கோ எண்டு அவள் கேக்கிறாள். எனக்குத் தெரியேல்லை."

"அடுப்பை நிப்பாட்டியிருக்கலாமே அம்மா," என்றாள் மகள். அழுதுகொண்டிருந்தாள்.

"அடுப்பு அந்தப் பக்கம். போறதெண்டால் அப்பாவைத் தாண்டிப் போகோணும்."

மகளுக்கு விளங்கவில்லை. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை, ஒரு எட்டு வைத்தால் போதுமே என்கிற மாதிரிப் பார்த்தாள். மச்சாளுக்கு விளங்கியது. பெடியனுக்கும் விளங்கியது, சோற்றில் வைத்த கையை எடுக்காமல் தலையைக் குனிந்தார். கிடக்கிற ஆளை நாங்கள் தாண்டுவதில்லை. நித்திரை கொள்கிறவரையே தாண்டுவதில்லை. அப்படிக் கிடக்கிற மனுசனைத் தாண்டினால் அவர் எழும்ப மாட்டார் என்று என் உடம்புக்குள் யாரோ சொல்லிக்கொண்டு நின்றார்கள். எத்தனையோ வருடம் இந்த நாட்டில் இருந்தும் என் கால் எழும்பவில்லை.

"அதுதான் தாண்டேல்லை," என்றேன். "அம்புலன்ஸ் வருமட்டும் உங்களுக்குப் பக்கத்தில இருந்தனான். நீங்கள் உயிரோட இருக்கிறியளோ இல்லையோ எண்டு தெரியாமல், அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தனான். அம்புலன்ஸில வந்த பெடியன்தான் உங்களைத் தாண்டிப் போய் அடுப்பை நிப்பாட்டினவன். நிப்பாட்டின பிறகுதான் உங்கட மூச்சு எனக்குக் கேட்டது."

அவர் மேசையில் விழுந்த காம்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மச்சாள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினா. சமையலறைக்குப் போய் யன்னலை முழுவதுமாகத் திறந்துவிட்டா. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. குளிர் மேசைவரைக்கும் வந்தது, ஒருவரும் பூட்டச் சொல்லவில்லை.